பத்து இருபதாயிற்று!

கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பொழுது சாய்ந்த பின் ஒருமுறை நடந்து பாருங்கள், தோழர்களே! கடைகள் கதவடைத்த பிறகும் பட்டறைகள் கண் மூடுவதில்லை. தகரக் கூரையின் கீழ் ஒரு விளக்கு. விளக்கின் கீழ் ஓர் எந்திரம். எந்திரத்தின் முன் ஒரு மனிதன். இரும்பு சுருள் சுருளாக உரிகிறது. எண்ணெய் நெடி மூக்கைத் துளைக்கிறது. அவன் கண் மட்டும் அசையாமல் நிற்கிறது.

அவனுக்குச் செட்டர் என்று பெயர். அவனுக்கே ஆப்பரேட்டர் என்றும் பெயர். ஒன்றிய அரசின் திறன் பயிற்சிப் பட்டியலிலேயே 'செட்டர் கம் ஆப்பரேட்டர்' என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆள் ஒருவன், வேலை இரண்டு. கூலி இரண்டா என்று கேட்டுவிடாதீர்கள், கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் ஈரம் இருக்காது.

அவன் செய்யும் தொழில்தான் என்ன?

வரைபடம் ஒன்று அவன் கைக்கு வருகிறது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு வேண்டும் என்கிறது. ஓர் இம்மியும் கூடக்கூடாது, குறைந்தால் 0.013 மில்லிமீட்டர் வரை பொறுப்போம், அதற்கு மேல் குறைந்தால் பழைய இரும்புக் குவியலில் எறிவோம் என்கிறது. 0.013 மில்லிமீட்டர்! நம் தலைமயிர் ஒன்றை எடுத்து நீளவாக்கில் பிளக்க முடிந்தால், அதில் ஒரு கீற்று! அந்த அளவுக்குள் நிற்க வேண்டும் இரும்பு. நிற்க வைக்க வேண்டியவன் நம் தோழன்.

சக்கின் தாடைகளில் இரும்பைப் பிடிக்க வைக்கிறான். ஆட்டமின்றிச் சுழல்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறான். வெட்டும் டூல்களை வரிசைப்படி பொருத்துகிறான். ஒவ்வொரு டூலின் முனையும் எங்கே நிற்கிறது என்பதை எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எண்ணால் சொல்கிறான். ஆப்செட் என்பார்கள் அதை. முதல் ஜாபை மெல்ல ஓட்டுகிறான். மைக்ரோமீட்டரில் அளக்கிறான். எண்ணைத் திருத்துகிறான். மறுபடி ஓட்டுகிறான். அதுவரை அவன் செட்டர். சரி என்றான பின், அதே பொருளை நூறாகவும் ஆயிரமாகவும் எடுத்துத் தள்ளும்போது ஆப்பரேட்டர்.

அதோடு முடிந்ததா? காலையில் குளிர்ந்திருந்த பட்டறை நண்பகலில் கொதிக்கிறது. 100 மில்லிமீட்டர் எஃகு, 10 பாகை வெப்பம் ஏறினால் 0.01 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும். காலையில் சரியாக இருந்த எண், பிற்பகலில் பிசகும். டூலின் முனை தேயத் தேய அளவு நழுவும். இவற்றை எந்திரம் தானாக வந்து அவனிடம் சொல்லாது. வெட்டும் ஓசை மாறுவதைக் காதால் கேட்டு, சுருளின் நிறம் மாறுவதைக் கண்ணால் கண்டு, அவன்தான் அறிய வேண்டும்.

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், எண்களால் இயங்கும் மில்லிங் எந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். இனி மனிதன் கை தேவையில்லை என்று கனவு கண்டோர் உண்டு. ஆண்டுகள் எழுபதுக்கு மேல் ஓடிவிட்டன. கை போகவில்லை. ஓர் எந்திரத்தின் முன் நின்றவன் இரண்டு எந்திரம், மூன்று எந்திரம் என்று ஓடி ஓடிப் பார்க்க வேண்டியதாயிற்று. போனது கை அல்ல. கைக்கு இருந்த ஓய்வு!

எண் ஒன்றை அவன் தவறாகத் தட்டிவிட்டால்? எந்திரங்கள் சிலவற்றில், 100 என்று தட்டிவிட்டு அதன்பின் புள்ளி வைக்க மறந்தால், அதை நூறு மில்லிமீட்டர் என்று எந்திரம் கொள்ளாது, 0.1 மில்லிமீட்டர் என்று கொள்ளும். ஒரு புள்ளி, தோழர்களே, ஒரே ஒரு புள்ளி! டூல் போய்ச் சக்கில் மோதும். இரும்பு பறக்கும். எந்திரத்தின் அச்சே பிசகும்.

எனவே, எண்ணின் வலிமையை நாட்டில் வேறு எவர் அறிவாரோ அறியாரோ, செட்டர் அறிவான். அதனால்தான் இன்று ஒரு கணக்கை அவனிடம் கொண்டு செல்கிறோம்.

தில்லியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், அதில் சில எண்களைத் தட்டினார்கள். 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்போடு மேலும் மூன்று தொகுப்புகளைச் சேர்த்து, 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கினார்கள். 2025 ஜூலை 9 அன்று நாடெங்கும் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்து, வேண்டாம் என்றன. 2025 நவம்பர் 21 அன்று, நான்கும் நடைமுறைக்கு வந்தன என்று ஒன்றிய அரசு அறிவித்தது.

தட்டிய எண்கள் எவை? பாருங்கள்!

மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை.

ஒப்பந்தத் தொழிலாளர் 20 பேர் இருந்தால் சட்டம் பாயும் என்றது 1970ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது 50.

100 பேர் உள்ள ஆலை ஆட்குறைப்புச் செய்யவோ கதவை மூடவோ அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று இருந்தது. இப்போது 300. வேலை விதிகளை நிலையாணையாக எழுதிச் சான்று பெற வேண்டும் என்பதற்கும் 100 என்றிருந்தது 300 ஆயிற்று.

பத்து இருபதாயிற்று, இருபது ஐம்பதாயிற்று, நூறு முந்நூறாயிற்று! சொல்லை மாற்றினால் ஊர் கேட்கும். எண்ணை மாற்றினால் எவன் கேட்பான் என்று எண்ணினார்கள். செட்டர் கேட்பான்! எண் ஒன்று மாறினால் எது எதன்மீது மோதும் என்பது அவனுக்குத் தெரியும்.

14 பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை அது தொழிற்சாலை. இன்று அது தொழிற்சாலை அன்று. லேத் மாறவில்லை, மில்லிங் எந்திரம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆபத்தும் மாறவில்லை. பெயர் மாறியது.

"பெயரில் என்ன இருக்கிறது? பத்துப் பேர் உள்ள இடம் 'நிறுவனம்' என்ற பெயரில் சட்டத்துக்குள்தானே இருக்கிறது? எட்டு மணி நேரமும் இரட்டிப்பு மிகைநேரக் கூலியும் எழுதப்பட்டிருக்கின்றனவே?" என்று தில்லிக்காக வாதாடுவோர் கேட்பர். எழுதப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், அது நல்லது. குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்கிறார்கள், அதுவும் நல்லது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நா கூசாது.

ஆனால், சுழலும் உறுப்புக்கு வேலியிடு என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் தன் 21ஆம் பிரிவிலேயே, சட்டத்தின் உடலிலேயே எழுதி வைத்தது. அத்தகைய காப்புகளை விதிகளுக்கும் தரநிலைகளுக்கும் ஒத்தி வைத்துவிட்டது புதிய தொகுப்பு. சட்டத்தில் இருப்பதை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டும். விதியில் இருப்பதை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். மேலும், தொழிற்சாலை என்ற பெயர் போனால், அந்தப் பெயரோடு வரும் உரிமமும் போகும். உரிமம் போனால், அந்தக் கதவைத் தட்ட எவருக்கு நினைவு வரும்?

தட்ட வருபவருக்கும் பெயர் மாற்றிவிட்டார்கள்! அவர் இனி ஆய்வாளர் மட்டும் அல்லர். ஆய்வாளர் கம் வசதி செய்து தருபவர்! இங்கே செட்டர் கம் ஆப்பரேட்டர். அங்கே இன்ஸ்பெக்டர் கம் பெசிலிட்டேட்டர்! ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் ஒன்று அரைகுறையாகும் என்பதை நம் பட்டறைத் தோழன் பட்டறிவால் அறிவான். எந்த ஒன்று அரைகுறையாகும் என்று நாம் சொல்ல வேண்டுமோ?

இனி, நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருவோம். பத்தை இருபதாக்கியது தவறு. சரி, பத்தாகவே இருந்தபோது எல்லாம் செம்மையாக இருந்ததா?

இல்லை, தோழர்களே! கோவையின் தெருப்பட்டறைகளுக்குள் நுழைந்து எண்ணிப் பாருங்கள். எத்தனை இடத்தில் பத்துப் பேர்? நாலு பேர், ஐந்து பேர், ஆறு பேர்! தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பத்து, இ.எஸ்.ஐ.க்குப் பத்து, பி.எப்.புக்கு இருபது. ஐந்து பேர் உள்ள பட்டறைக்கு எது? பழைய சட்டமும் அவன் வாசலில் நின்றுவிட்டது. புதிய சட்டமும் நின்றுவிட்டது. பழையது பத்தடி தள்ளி நின்றது. புதியது இருபதடி தள்ளி நிற்கிறது. அவ்வளவே வேறுபாடு.

லேத்தின் சக்குக்குத் தலை எண்ணத் தெரியுமா? "இந்தப் பட்டறையில் பத்துப் பேர் இல்லை, ஆகவே இவன் சட்டைக் கையைப் பற்றி இழுக்க மாட்டேன்" என்று அது சொல்லுமா? தளர்ந்த சட்டைக் கையோ, கையுறையின் விளிம்போ சுழலும் இரும்பில் சிக்கினால் இழுத்துவிடும். ஐந்து பேர் உள்ள இடத்திலும் இழுக்கும். ஐந்நூறு பேர் உள்ள இடத்திலும் இழுக்கும். ஆபத்து எந்திரத்தில் இருக்கிறது. சட்டமோ தலையை எண்ணிக்கொண்டிருக்கிறது! இதுதான் கோளாறு. இதைத்தான் நாம் மாற்றக் கேட்க வேண்டும்.

விரல் போனால் என்ன விலை? 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினோம். கட்டைவிரல் போனால், உழைக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு. அட்டவணை எழுதியவர் கணக்கர், செட்டர் அல்லர். மைக்ரோமீட்டரின் திருகைத் திருப்புவது எந்த விரல்கள்? அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான்! அவை போன பின் மிச்சத் திறன் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்?

கட்டைவிரல் என்றதும் ஏகலைவன் நினைவுக்கு வருகிறான். கற்றுக்கொடுக்க மறுத்தவன், கற்றுக்கொண்டதற்குக் காணிக்கையாகக் கட்டைவிரலைக் கேட்டான். வேடன் மகன் வில் பிடிக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். 1953இல் அதே உட்பொருள் குலக்கல்வித் திட்டமாக வந்தது: அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். தமிழகம் கொதித்தெழுந்தது, 1954இல் அது குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று, 18 தொழில்களுக்கென விசுவகர்மா என்ற பெயரில் மீண்டும் வந்தது. குடும்பத் தொழில் என்று கேட்கும் அத்திட்டத்தை ஏற்க மறுத்து, சாதியும் குடும்பமும் கேளாமல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது கழக அரசு.

லேத்துக்குக் குலம் உண்டோ? உழவன் மகனும் நெசவாளி மகனும் சலவைத் தொழிலாளி மகனும் அருந்ததியர் மகனும் ஐ.டி.ஐ.யில் ஒரே வரிசையில் நின்று, ஒரே இரும்பை அரம் போட்டு, டர்னராகவும் மெஷினிஸ்டாகவும் வெளிவந்தார்கள். "உன் பாட்டன் யார்?" என்று மைக்ரோமீட்டர் கேட்பதில்லை. "அளவு சரியா?" என்றே கேட்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி.நாயுடுவின் கோவையில் 1937இல் மின்மோட்டார் பிறந்ததும் இதனால்தான். 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய எந்திரங்களோடு மாற்றியமைக்கக் கழக அரசு முனைந்ததும் இதனால்தான். கற்க வழி திறந்தோம். கற்றவனின் கட்டைவிரலைக் காக்க வழி செய்தோமா? அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் துரோணரை மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் போதாது.

ஆம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே, கழக ஆட்சியிலேயே நிறைவேறியது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றாம் நாள், ஏப்ரல் 24 அன்று, அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், அது திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி, சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது! திரும்பப் பெற்றதைத் தோல்வி என்று எழுதினர் சிலர். தட்டிய எண் தவறு என்று கண்டவுடன் எந்திரத்தை நிறுத்துகிறவனே நல்ல செட்டர். நிறுத்தத் தெரியாதவன் கையில்தான் எந்திரம் உடையும். தில்லிக்கு அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

எட்டு மணி நேரம் என்பது எவரும் வாரி வழங்கிய கொடையன்று. வைஸ்ராயின் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியோடு, 54 மணி நேர வாரம் 1946இல் 48 ஆகக் குறைந்தது. பத்தாவது மணியில் இருப்பவனின் கண் 0.013 மில்லிமீட்டரைப் பார்க்குமா? பதினொன்றாவது மணியில் அவன் கை புள்ளி வைக்க மறக்காதா? நீண்ட நேரத்தால் விளைவது உற்பத்தியன்று. பழைய இரும்புக் குவியல்!

பட்டறை முதலாளி நம் பகைவரா? பல இடங்களில் அவரே நேற்றைய டர்னர். கடன் வாங்கி ஒரு லேத் போட்டார், மற்றொன்று போட்டார், பெரிய நிறுவனத்தின் ஜாப் ஆர்டருக்குக் காத்துக் கிடக்கிறார். கொடுத்த வேலைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் மேல் இழுத்தடிப்பவர் எவரோ, அவர் தெருப்பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே இல்லை. குளிர் அறையில் இருக்கிறார். அளவில் 0.013 பிசகினால் பொருளைத் திருப்பி அனுப்புகிற பெரிய நிறுவனம், அந்தப் பொருளைச் செய்தவனின் எந்திரத்துக்குக் காப்பு இருக்கிறதா என்று ஏன் கேட்பதில்லை? பொருளுக்குத் தரம் கேட்பவர், பொருளைச் செய்யும் இடத்துக்கும் பொறுப்பேற்கட்டும்!

ஆகவே நாம் கேட்பது இவை:

தலையை எண்ணாதே, சுழலும் எந்திரத்தை எண்ணு! மின்விசையில் சுழலும் எந்திரம் ஒன்று இருந்தாலும், அங்கே ஒருவனே நின்றாலும், வேலியும் நிறுத்து விசையும் பயிற்சியும் கட்டாயமாகட்டும். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கேட்கலாம். தமிழ்நாடு அதை முதலில் செய்யட்டும். ஒப்புதல் தர மறுத்தால், யார் மறுத்தார் என்பதை நாடு அறியட்டும்.

செட்டர் வேலை செய்பவனைக் கடிதத்தில் செட்டர் என்றே எழுது! செட்டிங் செய்ய வைத்துவிட்டுச் சம்பளப் பட்டியலில் உதவியாள் என்று எழுதுவது அளவுகோலையே திருடுவதாகும்.

பயிலுநரைப் பயிலவிடு! 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டம் அவனைத் தொழிலாளியாகக் கொள்வதில்லை. அதைக் காட்டியே முழு ஆளின் வேலையை அவன் தலையில் கட்டாதே.

இவற்றைச் சொல்வதற்கு முன், கழகத் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் பட்டறை இருக்கும். மாலையில் தேநீர் குடிக்க வெளியே வரும் அந்தத் தோழனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்திரத்துக்குக் காப்பு உண்டா? கையில் கடிதம் உண்டா? இ.எஸ்.ஐ. அட்டை உண்டா? விடையை எழுதுங்கள். ஐந்து பேர் உள்ள பட்டறையில் சங்கம் நிற்காது என்பார்கள். தெருவிலுள்ள பத்துப் பட்டறை சேர்ந்தால் ஐம்பது பேர்! தலை எண்ணித்தான் சட்டம் மதிக்கும் என்றால், தலைகளை ஒன்றாக நிறுத்துவது நம் வேலை.

கணபதியில் அந்த விளக்கு இன்னும் எரிகிறது. அவன் மைக்ரோமீட்டரை எடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் திருகைத் திருப்புகிறான். அளவு சரியாக இருக்கிறது. அவன் தன் எண்ணைச் சரியாக வைத்திருக்கிறான், தோழர்களே. நாட்டின் எண்ணை யார் சரிசெய்வது?